உப்புக் காற்றில் பேஸ் கிட்டார்: எதை வாங்கலாம், எதைத் தள்ளலாம்

ராமநாதபுரம் கரையோரம், தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ முதல் பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர் "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. வாசிக்கும் ஓசை எந்த ஸ்பீக்கர் வழியாக வெளியே வரப் போகிறது? வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம்? இவற்றுக்குப் பதில் இருந்தால் கம்பெனிப் பெயர் இரண்டாம்பட்சம்.

இந்தக் கரையில் பேஸ் எடுத்துக்கொண்டு போகிற இடங்கள் ஆலயப் பாடகர் குழு, மெல்லிசைக் குழு, கல்லூரி விழா என்று இருக்கும். எங்கே போனாலும் மேடை ஏறத்தாழ ஒரே மாதிரிதான். வாடகைக்கு வந்த மைக் செட், கீபோர்டு, ரிதம் பேட், சுற்றிலும் சீரியல் பல்பு, ஓரமாக ஜெனரேட்டர். இணையத்தில் கிடைக்கும் பேஸ் ஆலோசனைகளில் பாதி, ஏசி அறையில் டிரம்ஸ் செட்டோடு வாசிப்பவருக்கு எழுதியது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஐந்து கம்பி, பேட்டரி, பெரிய ஆம்ப் என்று பணம் போகும். இங்கே பெரும்பாலோருக்குப் பொருந்துவது நான்கு கம்பி, பேட்டரி இல்லாத பேஸ், சின்ன ஆம்ப், ஒரு நல்ல டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி). ஏன் என்பதைப் பார்ப்போம்.

நான்கு கம்பியா, ஐந்து கம்பியா

நான்கு கம்பி பேஸின் சுருதி தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி. அடி இ 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவதாகச் சேரும் பி கம்பி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த பயிற்சி ஆம்ப்கள் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக அடங்கிவிடும். நான்கு கம்பியின் அடி இ-யிலேயே காதில் விழுவது அதன் மேல் சுரங்கள்தான். பி கம்பியில் அதுவும் மங்கிப்போய் "பொத் பொத்" என்று மட்டும் கேட்கும். அந்த ஆழத்தை எழுப்ப 15 அல்லது 18 அங்குல பேஸ் பாக்ஸ் வேண்டும். அது இல்லாத மேடைக்கு ஐந்தாவது கம்பி வீண் சுமை. கழுத்துப்பட்டை அகலம் கூடி, தொடங்குகிறவரின் விரலுக்கும் சிரமம்.

ஐந்து கம்பிக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. பாடகரின் குரலுக்காகப் பாட்டை இ-ஃப்ளாட்டிலும் டி-யிலும் எடுப்பது இங்கே வழக்கம், அந்தச் சுரங்கள் அடி இ-க்குக் கீழே போகின்றன. அதற்கும் வழி இருக்கிறது. இ-ஃப்ளாட்டை டி கம்பியின் முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஒரு ஸ்தாயி மேலே வாசித்தால் 78 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அதுதான் தெளிவாகவும் கேட்கும். டி-யில் நிறைய பாட்டு இருந்தால் அடிக் கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் பிறகு அந்தக் கம்பியில் எல்லாச் சுரமும் இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளிப்போகும் என்பது கையில் பழக வேண்டும்.

கீபோர்டுக்காரரின் ட்ரான்ஸ்போஸ் பட்டனையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் "சி மேஜர்" என்பார். விரலும் சி-யில்தான் இருக்கும். பட்டன் +3-ல் இருந்தால் வெளியே வருவது இ-ஃப்ளாட். பேஸுக்கு அந்தப் பட்டன் கிடையாது. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் முன் "எத்தனையில் வைத்திருக்கிறீர்கள் அண்ணே?" என்று எண்ணைக் கேளுங்கள், சுருதிப் பெயரைக் கேட்டுப் பயனில்லை. அவர் இடது கையால் பேஸ் கொடுத்துப் பழகியவராக இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேலே இரண்டு ஸ்தாயி ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு பேஸ் ஒரே இடத்தில் மோதினால் எந்த ஆம்பும் காப்பாற்றாது.

பேட்டரி உள்ளதா, இல்லாததா

பேஸுக்குள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சர்க்யூட் இருந்தால் ஆக்டிவ், இல்லையென்றால் பாசிவ். ஆக்டிவில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் கருவியிலேயே ஏற்றி இறக்கலாம். கேபிள் நீளமானாலும் ட்ரெபிள் குறையாது. இவை உண்மையான நன்மைகள். குறை என்னவென்றால், ஜாக்கைச் செருகி வைத்திருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். தீரும் நேரத்தில் ஓசை கரகரக்கும், பிறகு பல மாடல்களில் சுத்தமாக நின்றுவிடும். கடற்கரையில் இன்னொரு தொல்லை: பேட்டரி கிளிப், சின்ன ஸ்விட்ச், சர்க்யூட் போர்டு என்று உப்பு ஏறப் புது இடங்கள். பாசிவ் பேஸில் கெடக்கூடியவை இரண்டு மூன்று குமிழும் ஒரு ஜாக்கும்தான். ரேடியோ பழுது பார்ப்பவரே மாற்றித் தந்துவிடுவார்.

பிக்கப்பில், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடித்து மின் சிக்னலாக்கும் காந்தச் சுருளில், இரண்டு குடும்பம். ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரசிஷன் பேஸுக்கு 1957-ல் இரண்டாகப் பிளந்த பிக்கப் வந்தது. அதைத்தான் பி பிக்கப் என்கிறோம். 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இருப்பவை ஒல்லியான இரண்டு ஜே பிக்கப். பி பிக்கப்பின் இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. அதனால் கரண்டின் இரைச்சல் தனக்குத்தானே அடிபட்டுப் போகும். ஜே பிக்கப்பில் ஒன்றை மட்டும் திறந்தால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் சேர்ந்து வரும். இரண்டையும் ஒரே அளவில் திறந்தால்தான் அடங்கும். சீரியல் பல்பும் டிம்மரும் சரியில்லாத எர்த்தும் சேர்ந்த திருவிழா மேடையில் இந்த வித்தியாசம் பெரிது. ஆகவே பி தனியாக, அல்லது பி-யோடு ஒரு ஜே சேர்ந்த பேஸ். ஜே-யின் வால்யூமை மூடிவிட்டால் சத்தமில்லாத பி கையில் இருக்கும்.

யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஸ்குவையர் அஃபினிட்டி பிரசிஷன் பிஜே இரண்டும் பேட்டரி இல்லாத பி-ஜே வகை. ஐபனெஸ் ஜிஎஸ்ஆர்200-உம் பி-ஜே தான், ஆனால் பேஸை ஏற்றும் சர்க்யூட்டுக்குப் பேட்டரி கேட்கும். அதன் கழுத்து ஒல்லி. சின்னக் கைக்காரருக்கு அதற்காகவே எடுக்கலாம். மரம் என்ன மரம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த விலையில் அது கடைசிக் கவலை.

பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்குவதானால் கம்பியின் அதிரும் நீளம் 30 அங்குலமான குட்டை அளவையும் பாருங்கள். வழக்கமான 34 அங்குலத்தில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட்டுக்கு 13 சென்டிமீட்டர். 30 அங்குலத்தில் பதினொன்றரை. அந்த ஒன்றரை சென்டிமீட்டர் பிள்ளையின் மணிக்கட்டுக்கு நிம்மதி. ஆனால் அடிக் கம்பி கொஞ்சம் தொளதொளக்கும், குட்டை அளவுக் கம்பியைப் பெரும்பாலும் ஆர்டர் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கம்பியில்தான் செலவு இருக்கிறது

கருவி வாங்கும்போது யாரும் கணக்கில் சேர்க்காத செலவு இது. பேஸோடு வரும் கம்பி பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகு. விரல் வியர்வையும் காற்றிலிருக்கும் உப்பும் சுற்றுகளுக்கு இடையில் தங்கி ஈரத்தை இழுக்கும். பூச்சு தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் எஃகு துருப்பிடிக்கும். பாம்பன், மண்டபம் மாதிரி இரண்டு பக்கமும் கடல் இருக்கும் இடத்தில், துடைக்காமல் விட்ட கம்பி சில வாரங்களிலேயே சொரசொரப்பாகி ஃப்ரெட்டையும் அறுக்க ஆரம்பிக்கும். நான்கு கம்பி செட்டின் விலை சாதாரண கிட்டார் செட்டைப் போலப் பல மடங்கு என்பதால் தேர்வு முக்கியம்.

மேலே மெல்லிய பூச்சிட்ட கம்பி (எலிக்ஸர் போன்றவை) விலை கூடுதல். ஆனால் சுற்றுக்குள் ஈரம் இறங்காது. பளிச்சென்ற ஓசை நீண்ட நாள் நிற்கும். மெல்லிசைக்கு இது. தட்டைச் சுற்று, அதாவது ஃப்ளாட்வூண்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேறு ரகம். பட்டையான தகட்டால் சுற்றியிருப்பதால் அழுக்கு தங்கக் குழி இல்லை, விரல் உரசும் கீச்சொலியும் இல்லை, ஆண்டுக் கணக்கில் கிடக்கும். ஓசை பளிச்சென்று இல்லாமல் உருண்டையாக வரும். பாடகர் குழுவுக்குக் கீழே அது அழகாக உட்காரும். கீர்த்தனைக்கும் மெதுவான பாட்டுக்கும் பேஸ் வாசிப்பவர் யோசிக்காமல் இதைப் போடலாம். ஒரே எச்சரிக்கை: இழுவிசை பொதுவாகக் கூடுதல் என்பதால் மாட்டியபின் கழுத்தைச் சரிபார்க்க வேண்டும். உருண்டைச் சுற்று ஸ்டெயின்லெஸ் கம்பியும் துருப்பிடிக்காததுதான், ஆனால் ஃப்ரெட்டை வேகமாகத் தின்னும், அதை விட்டுவிடலாம்.

தடிமன் .045 அங்குலத்திலிருந்து .105 வரை உள்ள செட் எல்லாருக்கும் சரி. விரல் வலித்தால் .040–.100.

பழைய கம்பியைக் கொதிக்கவைத்து மீட்கும் பழக்கம் பேஸ் வாசிப்பவர்களிடம் உண்டு. அழுக்கு கழன்று சில நாள் பளிச்சென்று கேட்கும். இங்கே அதைக் கிணற்று நீரிலோ போர் தண்ணீரிலோ செய்யாதீர்கள். உப்பு நீரில் கொதித்த கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு இரவு ஊறவைத்து நன்றாக உலர்த்துவது மேல். அன்றாடப் பராமரிப்பு இதைவிட எளிது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்துத் துடைத்து, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜையும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் வைத்து மூட வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் சுவரில் மாட்டிவைப்பது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசுபிசுத்து, சிக்கு வாடை அடித்து, தூசியை ஒட்டவைக்கும். பிரிட்ஜில் உள்ள பொடி ஸ்க்ரூக்களுக்கு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

ஆம்பா, பவர்டு ஸ்பீக்கரா, டிஐ பாக்ஸா

வாட்டைப் பார்த்து மயங்குவது சகஜம். 25 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 15-லிருந்து 30-க்குத் தாவுவதைவிட, எட்டு அங்குல ஸ்பீக்கரிலிருந்து பத்துக்கோ பன்னிரண்டுக்கோ போவதில் அதிகம் கிடைக்கும்.

வீட்டுப் பயிற்சிக்கு மட்டும் என்றால் ஹெட்போன் ஆம்ப் போதும். வாக்ஸ் ஆம்ப்ளக் போல பேஸின் ஜாக்கிலேயே செருகுகிற வகை. கரண்ட் போனாலும் வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் தொல்லையில்லை. கீபோர்டு, ரிதம் பேட், பத்துக் குரலோடு ஓர் அறையில் பயிற்சி என்றால் 40 வாட், 10 அங்குலம். ஃபெண்டர் ரம்பிள் வரிசையை எடுத்துக்கொண்டால் 25-இல் எட்டு அங்குல ஸ்பீக்கர். 40-இல் பத்து அங்குலத்தோடு மிக்ஸருக்கு நேராகப் போகும் எக்ஸ்எல்ஆர் அவுட்டும் உண்டு. அந்த ஒரு சாக்கெட்டுக்காகவே 40-க்குப் போவது நியாயம். நிஜ டிரம்ஸ் செட் இருந்தால் 100 வாட், 12 அங்குலத்துக்குக் குறைந்து எதுவும் கேட்காது.

சாதாரண கிட்டார் ஆம்ப் இருக்கிறதே என்று அதில் செருகாதீர்கள். அதன் ஸ்பீக்கர் கோன் அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகச் செய்யப்பட்டதல்ல. சத்தம் கூட்டினால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் தட்டி ஒருநாள் கிழியும். கீபோர்டு ஆம்ப் பரவாயில்லை, முழு அலைவரிசைக்கும் செய்தது.

பலர் யோசிக்காத தேர்வு ஒன்று: 12 அங்குல பவர்டு ஸ்பீக்கரும் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) ஒரு டிஐ அல்லது சின்ன மிக்ஸரும். பயிற்சியின்போது பேஸுக்கு, ஞாயிற்றுக்கிழமை கீபோர்டுக்கு, கூட்டம் என்றால் மைக்குக்கு. குழுவாகப் பணம் போட்டு வாங்குவதானால் தனி பேஸ் ஆம்பைவிட இதுவே புத்திசாலித்தனம். தனி ஆளுக்கு, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக, சின்ன ஆம்ப்தான் வசதி.

திருவிழா மேடைக்கு ஆம்ப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. அங்கே கூட்டத்துக்குக் கேட்கவைப்பது மைக் செட்காரரின் பேஸ் பாக்ஸ். உங்கள் வேலை அவர் மிக்ஸருக்குச் சுத்தமான சிக்னல் கொடுப்பது. பாசிவ் பேஸை நேராக மிக்ஸரின் லைன் சாக்கெட்டில் செருகினால் ஓசை மெலிந்து மந்தமாகிவிடும். பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவில் இன்புட் வேண்டும், லைன் சாக்கெட் தருவது சில பத்தாயிரம் ஓம்தான். இடையில் டிஐ பாக்ஸ் வந்தால் இது தீரும். பாசிவ் பேஸுக்கு ஆக்டிவ் டிஐ, ஆக்டிவ் பேஸுக்குப் பாசிவ் டிஐ என்று மாற்றி நினைவில் வையுங்கள். ஆக்டிவ் டிஐ-க்கு மிக்ஸரிலிருந்து கேபிள் வழியாக வரும் 48 வோல்ட் கரண்ட் (ஃபாண்டம்) வேண்டும், அல்லது உள்ளே பேட்டரி. வாடகை மிக்ஸரில் ஃபாண்டம் இருக்கும் என்று நம்பிப் போகாமல் பேட்டரியும் போடக்கூடியதை வாங்குங்கள். பேஸிலிருந்து டிஐ வரை கேபிள் ஆறு மீட்டருக்குள். அதன் பிறகு எக்ஸ்எல்ஆர் கேபிளில் மேடையின் மறுமுனை வரை தாராளமாகப் போகலாம்.

ஆனால் முதலில் மைக் செட்காரரிடம் என்ன பெட்டி வருகிறது என்று கேளுங்கள். குழாய் ஸ்பீக்கர் மட்டும் என்றால் பேஸை அதில் விடவே கூடாது. கேட்காது, டிரைவரும் போகலாம். சின்னத் தூண் வடிவ (காலம்) ஸ்பீக்கர் மட்டும் வைக்கும் சிற்றாலயங்களில் உங்கள் ஆம்பே கூட்டத்துக்கும் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில்தான் 100 வாட் தன் விலையைச் சம்பாதிக்கும். மேடையில் பேஸ் காணாமல் போனால் எல்லாரும் "பேஸ்" குமிழைத் திருகுவார்கள். திருக வேண்டியது நடுப்பகுதி. 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றினால் சுரம் தெளிவாக விழும். அடியை ஏற்றினால் குமுறல்தான் மிஞ்சும்.

கரண்ட்

ஆம்பின் மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள். எர்த் இல்லாத ஆம்பில் பேஸ் கம்பியைத் தொட்டுக்கொண்டு உதட்டை மைக்கில் வைத்தால் ஷாக் அடிக்கும். ஆளைக் கொல்லவும் செய்யும். மேடை ஏறியதும் டெஸ்டரைப் பேஸின் பிரிட்ஜிலும் மைக்கின் வலையிலும் வைத்துப் பார்க்கவேண்டும்; பல்பு எரிந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை தொடக்கூடாது. ஆம்ப் ஜெனரேட்டரிலும் மிக்ஸர் ஈபி லைனிலும் இருப்பது ஆபத்தான ஏற்பாடு. இரண்டும் ஒரே போர்டிலிருந்து எடுக்கப்பட வேண்டும். ஹம் வந்தால் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டலாம், அது சிக்னலின் எர்த்தை மட்டுமே பிரிக்கும். வீட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது ஆம்ப் "உர்ர்" என்றால் அது ஆம்பின் கோளாறு அல்ல; சைன் வேவ் இன்வெர்ட்டரில் அது வராது.

வெளிநாட்டிலிருந்தும், பழையதும்

கீழக்கரை, தொண்டிப் பக்கம் சொந்தக்காரர் யாராவது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆம்ப் இங்கேயும் ஓடும், பிளக்கை மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் ஆம்பை அப்படியே செருகினால் புகைதான். பின்பக்கம் 100–240 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பயமில்லை. வாரண்டி இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பழைய பேஸ் வாங்குவது நல்ல யோசனை, எங்கே கிடந்தது என்று தெரிந்தால். தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை ஒரு கண்ணால் பாருங்கள். முறுக்கியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை எல்-கீயால் மெல்லக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். இறுகிப் போயிருந்தால் அதுவும் வேண்டாம், அதற்கு மருந்தில்லை. பிரிட்ஜ் ஸ்க்ரூ துருப்பிடித்து உறைந்திருந்தால் பேரம் பேசலாம். ஐந்து ஸ்க்ரூ போடும் ஃபெண்டர் வகை பிரிட்ஜ் தனியாகக் கிடைக்கும். குமிழ் கரகரத்தால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி அடித்து இருபது முறை திருகினால் பெரும்பாலும் சரியாகும். துரு நீக்கும் சாதா ஸ்ப்ரேயை அதில் அடிக்காதீர்கள். எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி வாசித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

பட்ஜெட்டை நூறாகப் பிரித்தால் பேஸுக்கு 45, ஆம்புக்கு 30. மீதி 25 டிஐ, இரண்டு கேபிள், ஒரு செட் கம்பி, ட்யூனர், அகலமான தோள்பட்டை வாருக்கு. அந்த 25-ஐ ஒதுக்காமல் முழுவதையும் பேஸில் போட்டவர்தான் முதல் திருவிழாவில் கேபிள் இரவல் கேட்டு அலைவார்.

வந்து இறங்கிய பின்

மதுரை நூறு கிலோமீட்டருக்கு அப்பால். பழுதுபார்ப்பவரைத் தேடிப் போக ஒரு நாள் செலவு, ஆகவே செட்டப்பை நாமே கற்பது நல்லது. ஆன்லைனில் வந்த பேஸைப் பையோடு ஒரு நாள் அறையில் விடுங்கள். கழுத்து இந்தக் காற்றின் ஈரத்துக்குப் பழகி அசைந்து முடிக்க இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகு அளந்தால்தான் அளவு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறையும், பங்குனி வெயிலில் ஒருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டிவரும்.

முதலில் கழுத்தின் வளைவு. அடிக் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரம் அழுத்துங்கள். ஏழாம் எட்டாம் ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஏறத்தாழ ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை வலப்பக்கமாக இறுக்க வேண்டும், இடைவெளியே இல்லையென்றால் தளர்த்த வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். சுருதி சேர்த்து, சில மணி நேரம் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள்.

பிறகு உயரம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அடிக் கம்பி இரண்டரை மில்லிமீட்டர், ஜி கம்பி இரண்டு. இதற்குக் கீழே இறக்கி, பலமாக மீட்டினால் கரகரக்கும். கடைசியாக இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுவதும் சுருதி சரியாக நிற்கிறதா என்பது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் விரலை லேசாக வைத்து எழுப்பும் ஹார்மானிக்கையும், அதே ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் பாருங்கள். அழுத்திய சுரம் கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னால் இழுக்க வேண்டும், குறைவாகக் காட்டினால் முன்னால் தள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டுத்தான் சேடில் ஸ்க்ரூவைத் திருகுங்கள். இறுகிய கம்பியோடு திருகினால் ஸ்க்ரூத் தலை வழுக்கிவிடும். புதுக் கம்பியில்தான் இதைச் செய்ய வேண்டும். துருவேறிய கம்பி எங்கே அழுத்தினாலும் ஒரு சுருதியில் நிற்காது.